பாதிப் பேருக்குத் தண்ணீர்

நான் படித்த நர்ஸிங் பள்ளியின் மலருக்கு ஏதாவது எழுதித் தரும்படி சில வருடங்களாகவே கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். பெரிய ஆஸ்பத்திரி எதிலும் நான் வேலை பார்த்ததில்லை. குற்றாலத்தில், சின்ன மருந்துக் கம்பெனி ஒன்றில், ஒரே ஒரு சோதனைக்காக வருடக்கணக்கில் ஊசி போட்டவள். அதில் எழுத என்ன இருக்கிறது என்று தட்டிக்கழித்து வந்தேன். இப்போது எழுத உட்கார்ந்திருப்பது மலருக்காக மட்டும் இல்லை.

என் மகள் வசந்திக்கு இருபத்தாறு வயது. சென்னையில் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்க்கிறாள். போன தை மாதம் கழுத்தில் ஒரு கட்டி என்று போன் பண்ணினாள். நிணநீர்ச் சுரப்பியில் புற்று என்று சொல்லிவிட்டார்கள். முதல் சுற்று மருந்து ஏற்றி முடித்ததும், அவள் படுத்திருந்த ஆஸ்பத்திரியில் ஒரு புது மருந்தைச் சோதித்துப் பார்ப்பதாகச் சொன்னார்கள். அதில் சேர்ந்தால், பாதிப் பேருக்கு வழக்கமான மருந்தோடு புது மருந்தும் சேர்த்துக் கொடுப்பார்கள். மற்றப் பாதிக்கு வழக்கமான மருந்தும், புது மருந்துக்குப் பதிலாக வெறும் உப்புத் தண்ணீரும். யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, கொடுக்கிறவருக்கும் தெரியாது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்துகொண்டு வசந்தி கேட்டாள்:

"காலம் பூரா நீ இந்த வேலைதானம்மா பாத்த? சேரட்டுமா, வேண்டாமா? நீ சொல்லு."

எத்தனையோ பேருக்கு இதை விளக்கியிருக்கிறேன். என் பிள்ளைக்குச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று ஊருக்கு வந்துவிட்டேன். யோசித்தது இதுதான்.

பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பாளையங்கோட்டையில் படுக்கை விரிக்கவும், ஊசியைக் கொதிக்க வைக்கவும், டாக்டர்கள் பேசும்போது வாயை மூடிக்கொள்ளவும் கற்றுக்கொண்டேன். கல்யாணமாகித் தென்காசிக்கு வந்தேன். கணவர் பள்ளிக்கூட ஆசிரியர். வசந்தி பிறந்து, பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதும், எழுபதுகளின் தொடக்கத்தில், டாக்டர் ஆவுடையப்பனிடம் வேலைக்குச் சேர்ந்தேன்.

டாக்டர் வெளிநாட்டில் படித்துவிட்டுத் திரும்பியவர். எங்கள் பக்கத்தில் வெற்றிலை, புகையிலை அடக்கிக்கொள்ளும் பழக்கம் அதிகம். அதனால் வாய்ப்புற்றும் அதிகம். திருவனந்தபுரத்துக்கோ மதுரைக்கோ போய்க் கட்டியை வெட்டி எடுத்துவிட்டு வருவார்கள். சிலருக்குத் திரும்பி வராது, சிலருக்கு வரும். செத்த கிருமிகளைக் கொண்டு டாக்டர் ஒரு தடுப்பூசி செய்திருந்தார். வெட்டி எடுத்த பிறகு அதைப் போட்டு உடம்பை உசுப்பிவிட்டால், புற்று திரும்பி வராமல் உடம்பே பார்த்துக்கொள்ளுமா? இதை நாங்கள் 'டாக்டரின் நம்பிக்கை' என்று சொன்னால் அவருக்குப் பிடிக்காது. "நம்பிக்கை இல்லம்மா, கேள்வி" என்பார்.

கேள்விக்கு விடை காண ஒரு கூடம் வேண்டும், குளிர்ப்பெட்டி வேண்டும், ஆட்கள் வேண்டும். அரசாங்கம் கைவிரித்துவிட்டது. ஊர்க்காரர்களே பங்கு போட்டார்கள். குற்றாலத்தில் லாட்ஜ் வைத்திருந்த சுப்பையா அண்ணாச்சி, கடையநல்லூரில் கைத்தறித் துணி வியாபாரம் செய்த காதர் பாய், திருவேங்கடத்தில் கரிசல் காட்டு விவசாயி ராமசாமி, இப்படி ஐம்பது அறுபது பேர். அநேகமாக ஒவ்வொருவர் வீட்டிலும் வாயில் புற்று வந்து போனவர் ஒருவர் இருந்தார். ஐந்தருவி போகிற சாலையில் ஒரு பழைய பங்களாவை வாடகைக்குப் பிடித்தோம். ஊரில் அதற்கு 'ஊசிக் கம்பெனி' என்று பெயர்.

முதல் கூட்டம் தென்காசியில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. டாக்டர் எல்லாவற்றையும் தமிழில் சொல்ல வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தார். 'ஷேர்ஹோல்டர்' என்பதற்குச் சட்டென்று அவருக்கு வார்த்தை கிடைக்கவில்லை. மைக்கைப் பிடித்துக்கொண்டு, "அன்புள்ள பங்காளிகளே" என்று ஆரம்பித்துவிட்டார்.

மண்டபமே சிரித்தது. பங்காளி என்றால் எங்கள் பக்கத்தில் ஒரே கொடிவழிக்காரன். அப்பன் பாட்டன் வழியில் வந்தவன். சொத்துக்கு அடித்துக்கொள்கிறவன், ஆனால் சாவு விழுந்தால் தீட்டு காக்கிறவன். சுப்பையா அண்ணாச்சி எழுந்து நின்றார். கறுத்து உயர்ந்த மனிதர். எதையும் சிரிக்காமல் சொல்வார்.

"டாக்டர், பங்காளின்னு சொல்லிட்டிய. நல்லதுக்குக் கூப்பிட்டாலும் கூப்பிடாட்டாலும் பங்காளி கோவிச்சுக்கிட மாட்டான். ஆனா துட்டிக்குச் சொல்லி விட்டுரணும். அதுதான் முறை."

துட்டி என்றால் சாவு. எல்லாரும் மறுபடி சிரித்தார்கள். டாக்டரும் சிரித்தார். விஷயம் அதோடு முடிந்தது என்றுதான் நாங்கள் நினைத்தோம்.

சோதனை இப்படி நடந்தது. மருந்துக் குப்பியும் தண்ணீர்க் குப்பியும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும்; தண்ணீரிலும் தீங்கில்லாத ஒரு பொடி கலந்திருப்பதால் ஒரே கலங்கல். குப்பியின் மேல் எண் மட்டும்தான். இங்கே நிரப்பிய குப்பிகள் சென்னையில் ஒரு கணக்குப் பேராசிரியரிடம் போய் எண்ணோடு திரும்பி வரும்; எந்த எண் எது என்பது அவருக்கு மட்டும் தெரியும். அவரை நாங்கள் யாரும் பார்த்ததுகூடக் கிடையாது. தென்காசி ஐஸ் பாக்டரியிலிருந்து மரத்தூளில் புதைத்த ஐஸ் பஸ்ஸில் வரும். சாரல் காலத்தில் குப்பியில் ஒட்டிய காகிதம் ஊறி உரிந்துவிடும் என்று, எண் எழுதிய தகரத் துண்டை நூலால் கழுத்தில் கட்டுவோம். குப்பியைக் குலுக்கக் கூடாது. உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்து உருட்ட வேண்டும், கையின் சூடு ஏறும்வரை. ஊசி போடுமுன் வாயைப் பார்க்க வேண்டும், கழுத்தைத் தடவிப் பார்க்க வேண்டும். அதற்கு முன்னால் "நல்லா இருக்கியளா?" என்று கேட்கவே கூடாது என்பது டாக்டரின் கண்டிப்பு. "நீ அப்படிக் கேட்டா அவங்க ஆமான்னுதான் சொல்லுவாங்க. உன் மனசு நோகக் கூடாதுன்னு சொல்லுவாங்க" என்பார்.

அதைவிடக் கண்டிப்பு ஒன்று உண்டு. சேர வருகிறவரிடம் எல்லாவற்றையும் விளக்கிவிட்டு, அவர் வாயாலேயே அதைத் திருப்பிச் சொல்ல வைப்பார். யாராவது "நீங்க சொன்னா சரிதான் டாக்டர்" என்றால், அன்று கையெழுத்து வாங்க மாட்டார். போய்விட்டு அடுத்த வாரம் வரச் சொல்வார். ஒருமுறை ஏன் என்று கேட்டேன். "அது மரியாதை சரோஜா, சம்மதம் இல்லை" என்றார்.

சோதனை தொடங்கி அடுத்த வருடத்திலேயே முதல் சாவு விழுந்தது. இலஞ்சி பக்கம் ஒரு பீடி சுற்றுகிற அம்மாள். டாக்டரோடு நானும் போனேன். பந்தலின் கீழே பெஞ்சில் ஆறேழு பேர் தோளில் துண்டோடு உட்கார்ந்திருந்தார்கள். சுப்பையா அண்ணாச்சி, காதர் பாய், இன்னும் சில பங்குதாரர்கள். அந்த அம்மாளை அவர்கள் உயிரோடு பார்த்ததுகூட இல்லை.

டாக்டருக்கு முகம் கறுத்துவிட்டது. சோதனையில் யார் யார் இருக்கிறார்கள் என்பது பங்குதாரர்களுக்குத் தெரியக் கூடாது. வெளியே கூட்டிவந்து தணிந்த குரலில் கடிந்துகொண்டார். எப்படித் தெரியும், யார் சொன்னது என்றார். அண்ணாச்சி அமைதியாகச் சொன்னார்:

"தென்காசிக்கும் குத்தாலத்துக்கும் நடுவுல துட்டிச் செய்திய மறைக்க முடியுமா டாக்டர்? பங்காளின்னு சபையில சொன்னது நீங்க. வராம இருந்தா எங்களுக்குல்லா கொறச்சல்."

"ஷேர் வச்சிருக்கவங்கன்னுதான் அண்ணாச்சி நான் சொல்ல வந்தேன்."

"நீங்க என்ன சொல்ல வந்தியன்னு எனக்குத் தெரியாது. சொன்னது காதுல விழுந்துட்டு."

அந்த ஒரு வார்த்தையால் உண்டான வழக்கத்தை அதன்பின் டாக்டரால் நிறுத்த முடியவில்லை. கடைசியில் ஒரு கட்டுப்பாடு மட்டும் வைத்தார்: போகலாம், ஆனால் யாருக்கு எது போட்டது என்ற பேச்சை எடுக்கவே கூடாது. அதை அவர்கள் காப்பாற்றினார்கள். அதில் எதிர்பாராத நன்மையும் வந்தது. இந்த மாதிரிச் சோதனையில் நோயாளிகள் நடுவில் காணாமல் போய்விடுவார்கள். மகள் வீட்டுக்கு, மலையாளத்துக்கு, பிழைப்புக்கு என்று. எங்களிடம் ஒருவர்கூடத் தவறவில்லை. கேரள எல்லையில், புளியறைச் சோதனைச் சாவடிக்குப் பக்கத்தில் புதிதாகச் சாப்பாட்டுக் கடை போட்டிருப்பவர் நம்முடைய இன்னார் என்று ஏதாவது ஒரு பங்குதாரர் வந்து சொல்லிவிடுவார். நான் குப்பியை ஐஸில் வைத்து எடுத்துக்கொண்டு பஸ் ஏறுவேன்.

வருடம் ஒருமுறை, சீசன் முடிந்ததும், அதே மண்டபத்தில் கூட்டம். டாக்டர் மைக் முன்னால் நிற்பார். செய்த வேலைகளையெல்லாம் சொல்லிவிட்டு, கடைசியில், "ஊசி வேலை செய்யுதா இல்லையாங்கிறது இன்னும் தெரியாது" என்பார். ஒவ்வொரு வருடமும் அதே வாக்கியம்தான். எலுமிச்சைச் சாதமும் வடையும் சாப்பிட்டுவிட்டுக் கலைவார்கள். "தெரியாதுங்கிறத இவ்வளவு தெளிவாச் சொல்லுத ஆள நான் பாத்ததில்ல" என்பார் அண்ணாச்சி. அந்தத் துட்டுக்குப் பசு மாடு வாங்கியிருந்தால் இந்நேரம் அதன் பேத்தி கன்று போட்டிருக்கும் என்று அவர் வீட்டில் ஏசுகிறார்களாம். ராமசாமி திருவேங்கடத்திலிருந்து முதல் பஸ் பிடித்து வருவார். இத்தனை வருடமாகிவிட்டதே, சலிக்கவில்லையா என்று கேட்டேன். "வானம் பாத்த பூமிக்காரனுக்குக் காத்திருக்கவா தாயி சொல்லித் தரணும்?" என்று இன்னொரு வடையை எடுத்துக்கொண்டார்.

நான்கைந்து வருடம் போயிருக்கும். கூட்டம் எதுவும் இல்லாத ஒரு நாள் காதர் பாய் கம்பெனிக்கு வந்தார். அவருடைய மகள் ரஹ்மத்துக்கு நாக்கில் புற்று. முப்பது வயதுகூட ஆகவில்லை, வெற்றிலையே போட்டதில்லை. திருவனந்தபுரத்தில் நாக்கின் ஓரத்தை வெட்டி எடுத்திருந்தார்கள். மகளைச் சோதனையில் சேர்க்க வேண்டும் என்றார்.

பங்குதாரரின் குடும்பத்தைச் சேர்க்க முடியாது என்றார் டாக்டர். பார்க்கிறவர்களுக்குச் சந்தேகம் வரும், வர வேண்டும்.

"அப்ப பங்கு போகட்டும்" என்றார் பாய். யோசிக்கவே இல்லை. அந்த மாதமே பங்கை ராமசாமிக்கு மாற்றிக் கொடுத்துவிட்டார். சேர்ந்தாலும் தண்ணீர்ப் பாதியில் விழலாம் என்று டாக்டர் எவ்வளவோ சொன்னார். "இல்லேன்னா முழுசும் தண்ணிதான" என்றார்.

ரஹ்மத்தை என் முன்னால்தான் திருப்பிச் சொல்ல வைத்தார் டாக்டர். நாக்கை வெட்டியதால் பேச்சு குழறும். ரகரம் வராது. தன் பெயரை லஹ்மத் என்றுதான் சொல்வாள். "என் பேரு எனக்கே வரமாட்டேங்கு சிஸ்டர்" என்று சிரிப்பாள். நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்: பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்குத் தண்ணீர், யாருக்கு எது என்று டாக்டருக்கும் தெரியாது, சிஸ்டருக்கும் தெரியாது, வரவும் செய்யலாம், வராமலும் போகலாம், மாதம் ஒருமுறை குற்றாலம் வர வேண்டும்.

"எதுக்காகச் சேரணும்னு நெனைக்கிறம்மா?" என்று டாக்டர் கேட்டார். வாப்பா சொன்னார் என்று சொல்லியிருந்தால் திருப்பி அனுப்பியிருப்பார்.

"கடைசியாச் சொன்னதுக்குத்தான்" என்றாள். "கல்யாணம் ஆனதுலேந்து தறியும் வீடுந்தான். மாசம் ஒரு நாளு இந்தக் காத்துல வந்து இருக்கலாம்லா."

டாக்டர் என்னைப் பார்த்தார். பிறகு பேனாவை அவளிடம் கொடுத்தார்.

மாதம் தவறாமல் பாய் கூட்டி வருவார். ஊசி போட்டதும் அவள் வராந்தாவில் நாற்காலியைச் சாரல் படுகிற இடத்துக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். முந்தானை நனைந்தாலும் உள்ளே வர மாட்டாள். அந்த நேரத்தில் பாய் என் பக்கம் வந்து மெதுவாகக் கேட்பார்.

"சிஸ்டர், நீங்கதான போடுதிய. கைக்குத் தெரியாதா?"

"தெரியாது பாய். சத்தியமாத் தெரியாது."

"நான் துணிக்காரன். கண்ண மூடிக்கிட்டுத் தொட்டாக்கூட எத்தனாம் நம்பர் நூலுன்னு சொல்லிருவேன். நீங்க இத்தன வருசம் தொடுதிய."

அடுத்த மாதமும் கேட்பார். நான் சொன்னதை அவர் நம்பவே இல்லை என்று நினைக்கிறேன். எனக்குத் தெரியும், ஆனால் சொல்ல மாட்டேன் என்கிறேன் என்று எண்ணிக்கொண்டு, அதற்காக என்னை மதித்தார். பெருநாளுக்குப் பெருநாள் வசந்திக்குப் பாவாடைத் துணி வரும். டாக்டருக்குத் தெரிந்தால் தப்பு என்று அத்தனையையும் திருப்பி அனுப்பினேன். வசந்தி அழுவாள்.

எண்பதுகளின் நடுவில் பம்பாயிலிருந்து ஒரு பெரிய கம்பெனியின் ஆள் வந்தார். பங்குகளையெல்லாம் மொத்தமாக வாங்கிக்கொள்வதாகச் சொன்னார், நல்ல விலைதான். ஒரே நிபந்தனை: சோதனையை இப்போதே முடித்து, யாருக்கு எது என்பதைத் திறந்து பார்த்துவிட வேண்டும். மண்டபம் நிறைந்திருந்தது. மகளைக் கட்டிக்கொடுக்க வேண்டியவர், பையனைத் துபாய்க்கு அனுப்ப விசாவுக்கு அலைகிறவர், எல்லாருக்கும் அவசரம் இருந்தது. பங்கு இல்லாததால் காதர் பாய் வாசலிலேயே நின்றார். அண்ணாச்சி கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்து பக்கத்தில் உட்காரவைத்தார்.

டாக்டர் இரண்டு பக்கத்தையும் மறைக்காமல் சொன்னார். இப்போது திறந்தால், இருக்கிற கணக்கை வைத்து உறுதியாக எதுவும் சொல்ல முடியாது, ஊசியும் நின்றுவிடும். காத்திருந்தால் ஒன்றும் இல்லாமலும் போகலாம். அப்போது இந்த விலைக்கு யாரும் வர மாட்டார்கள். ஊசி நன்றாக வேலை செய்வதாகவோ கெடுதல் செய்வதாகவோ தெரிந்தால் உடனே நிறுத்தச் சொல்ல வேண்டும் என்பது சென்னைப் பேராசிரியரோடு முதலிலேயே செய்துகொண்ட ஏற்பாடு. அவர் இதுவரை நிறுத்தச் சொல்லவில்லை. "இதுக்கு மேல எனக்குத் தெரியாது. முடிவு உங்களோடது" என்று உட்கார்ந்துவிட்டார்.

ராமசாமி எழுந்தார். அதுவரை கூட்டத்தில் அவர் பேசி நான் கேட்டதில்லை.

"கதிரு பாலு பிடிக்குத நேரத்துல அறுத்தா வைக்கோலுதான் மிஞ்சும். துட்டி வீடு எல்லாத்துக்கும் போயிட்டு வந்திருக்கோம். அவுகள்லாம் எதுக்கு ஊசி போட்டுக்கிட்டாகன்னு தெரியாம நாம எந்திரிச்சிப் போகக் கூடாது."

விற்கலாம் என்று கை தூக்கியவர்கள் இரண்டு பேர். பம்பாய்க்காரர், எலுமிச்சைச் சாதம் சாப்பிடச் சொல்லியும் சாப்பிடாமல் கிளம்பிவிட்டார்.

அதற்கு அடுத்த ஆடியில் வழக்கம்போல் ரஹ்மத் ஊசிக்கு வந்தாள். நல்ல சாரல். வாயைப் பார்த்தேன்; சுத்தமாக இருந்தது. கழுத்தைப் பார்க்கும்போது நாங்கள் நோயாளிக்குப் பின்னால் நின்றுகொள்வோம். இரண்டு கை விரல்களாலும் தாடைக்கு அடியில் தொடங்கிக் காதோரம், அங்கிருந்து காறையெலும்பு வரை ஒரே வேகத்தில் தடவிக்கொண்டு வர வேண்டும். பின்னால் நிற்பதற்கு டாக்டர் ஒரு காரணம் சொல்வார்: விரல் ஒழுங்காகப் பதியும். இன்னொரு காரணம், ஏதாவது இருந்தால் அவர்கள் நம் முகத்தைப் பார்க்கக் கூடாது.

இடது பக்கம், தாடைக்குக் கீழே, ஒரு பட்டாணி அளவுக்குக் கெட்டியாக, நகராமல் இருந்தது. நான் மூச்சைக்கூட மாற்றவில்லை என்றுதான் நினைத்தேன்.

"கை நின்னுட்டு சிஸ்டர்" என்றாள் ரஹ்மத்.

அவள் திரும்பவில்லை. மழையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் முன்னால் வந்து அவள் எதிரே முழங்காலிட்டு உட்கார்ந்தேன். அவள் என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, வாப்பாவிடம் வீட்டுக்குப் போய்ச் சொல்லிக்கொள்ளலாம், கொஞ்ச நேரம் இப்படியே இருப்போம் என்றாள்.

பாயிடம் டாக்டரே சொன்னார். அன்றைக்குத்தான் பாய் குரல் உயர்த்திப் பேசி நான் கேட்டேன். இப்போதாவது எதைப் போட்டீர்கள் என்று சொல்லுங்கள், தண்ணீர் என்றால் இனியாவது மருந்தைப் போடுங்கள் என்றார். டாக்டர் அவர் தோளைத் தொட்டார்.

"தெரிஞ்சா செய்யுத வைத்தியம் மாறும்னா, இப்பவே சென்னைக்குப் போன் போடுவேன் பாய். மாறாது. திரும்பி வந்துட்டா இந்த ஊசிக்கு வேலை இல்லை. நாளைக்கே திருவனந்தபுரம் கூட்டிட்டுப் போகணும். நானும் வாரேன்."

வந்தார். மூன்று முறை கூடப் போனார். அடுத்த வருடம் சாரல் தொடங்குமுன் ரஹ்மத் போய்விட்டாள். கடையநல்லூரில் அந்தத் தெரு நிறையப் பங்குதாரர்கள் நின்றார்கள். கபர்ஸ்தான்வரை போய், எப்படி நிற்க வேண்டும், எப்போது கையை ஏந்த வேண்டும் என்று தெரியாமல், பக்கத்தில் இருக்கிறவரைப் பார்த்துப் பார்த்துச் செய்தார்கள்.

அதன்பின் அதிக காலம் போகாமல் சோதனை முடிந்தது. சென்னையிலிருந்து விடை வந்தது. மருந்து போட்ட பாதியும் தண்ணீர் போட்ட பாதியும் ஏறக்குறைய ஒன்று. ஊசி வேலை செய்யவில்லை.

மண்டபத்தில் டாக்டர் அதைச் சொன்னபோது குரல் உடையவில்லை. முதல்முறையாக அவர் "தெரியும்" என்று சொன்னார். அது இந்த விடைக்காகவா இருக்க வேண்டும். போட்டதெல்லாம் போயிற்று, கம்பெனியை மூட வேண்டும். யாராவது சத்தம் போடுவார்கள் என்று நான் சுவரோரமாக நின்றிருந்தேன். அண்ணாச்சிதான் எழுந்தார். அப்போது அவருக்கும் வயதாகிவிட்டது.

"இது வேலைக்காகலன்னு எல்லாருக்கும் தெரியும்படியா எழுதிப் போடுங்க டாக்டர். இன்னொருத்தன் இதுலயே வந்து காலத்தப் போக்கிரக் கூடாது" என்றார். பிறகு சாப்பாடு ஆறுகிறது என்று எல்லாரையும் எழுப்பினார்.

டாக்டர் வீடு வீடாகப் போய், ஒவ்வொருவருக்கும் என்ன போட்டது என்று சொன்னார். உயிரோடு இருப்பவர்களுக்கும், இல்லாதவர்கள் வீட்டுக்கும். நானும் கூடப் போனேன். எங்கள் இருவருக்குமே கடினமாக இருந்தது காதர் பாய் வீடு.

"தண்ணி" என்றார் டாக்டர்.

உள்ளே தறிச்சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"குத்தாலத்துத் தண்ணியா?"

"ஆமா பாய். அங்கேயே காய்ச்சி வடிச்சதுதான்."

"அவ அதுக்குத்தான வந்தா" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, எங்களுக்குத் தேநீர் போடச் சொல்லி உள்ளே குரல் கொடுத்தார். பிறகு என்னிடம் திரும்பி, "அப்ப உங்களுக்கு நெசமாவே தெரியாதுதான், என்ன?" என்றார்.

இதையெல்லாம் யோசித்தும் வசந்திக்கு என்ன சொல்வது என்று எனக்கு விளங்கவில்லை. சேர் என்றால், நான் தொட்ட ரஹ்மத்தின் கழுத்து கைக்கு வருகிறது. சேராதே என்றால், இத்தனை காலம் மற்றவர் பிள்ளைகளுக்கு நான் சொன்னதெல்லாம் என்ன? முடிவு சொல்ல வேண்டிய வாரமும் வந்தது. பதில் இல்லாமலே சென்னைக்கு ரயில் ஏறினேன்.

ஆஸ்பத்திரியில் எனக்கு முன்னாலேயே காதர் பாய் உட்கார்ந்திருந்தார். என் கணவர் மூலம் கேள்விப்பட்டிருக்கிறார். தாடி முழுவதும் வெளுத்துவிட்டது. முடி கொட்டும் என்றார்களே, தலைக்கு மெத்தென்று இருக்கும் என்று மெல்லிய நூலில் நெய்த துண்டுகள் கொண்டுவந்திருந்தார். வசந்தி அதில் ஒன்றைக் கட்டியும் விட்டாள். இதையும் திருப்பி அனுப்பிவிடுவாயா என்பதுபோல் என்னைப் பார்த்தாள்.

"சேரட்டுமா மாமா? அம்மா வாயத் திறக்க மாட்டேங்கா" என்று அவரிடமும் கேட்டாள்.

"அத நான் சொல்ல மாட்டேம்மா. உங்க அம்மாவும் சொல்ல மாட்டா, சொல்லவும் கூடாது" என்றார் பாய். "நான் வந்தது வேற விசயம். ஊர்ல பேசி வச்சிருக்கோம். சீசன்ல அண்ணாச்சியால லாட்ஜ விட்டுட்டு வர முடியாது. ஆனி, ஆடி, ஆவணி நான் வாரேன். பொறவு நாலு மாசத்துக்கு அண்ணாச்சியும் அவுக மகனும். தை, மாசிக்கு டாக்டர். ராமசாமிக்குப் பருத்தி எடுப்பு முடியணும். பங்குனி, சித்திரை அவரு."

"நான் சேரலேன்னா?"

"சேராட்டாலும் இதே ஏற்பாடுதான்."

வசந்தி விரல்விட்டுப் பார்த்தாள். "வைகாசிக்கு ஆளே இல்லையே மாமா" என்றாள்.

பாய் திகைத்துப்போனார். தாடியைத் தடவிக்கொண்டு மறுபடி முதலிலிருந்து மாதங்களை முணுமுணுத்தார். "வைகாசிக்கு நான் இருக்கேன்" என்றேன்.

"நீ எல்லா மாசமும்லா இருக்கணும்" என்றாள். சிரித்தாள். அந்தக் கட்டி வந்த பிறகு அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன். தலைத்துண்டை இழுத்துச் சரிசெய்துகொண்டு, "சேருதேம்மா. நீ சொல்ல வேண்டாம், நானே முடிவு பண்ணிட்டேன்" என்றாள்.

போன வாரம் சோதனையின் முதல் பாட்டில் ஏற்றினார்கள். சின்ன வயது நர்ஸ்தான்; ஊசியைச் சுத்தமாக இறக்கினாள். நான் கட்டிலுக்கு முன்பக்கமாக, அவளும் என் முகத்தைப் பார்க்கும்படி நாற்காலியைப் போட்டுக்கொண்டு, பாட்டிலைப் பார்க்காமல் என் மகளின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.